ஜூன் முதல் தேதிப் பிள்ளைகள்

அந்த நாளில் தாராவியில் பள்ளிக்கூடம் போன தமிழ்ப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் ஜூன் மாதம் முதல் தேதி பிறந்தவர்கள். இதற்குக் காரணம் அபயாம்பாள் டீச்சர்.

மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர ஆறு வயது நிரம்பியிருக்க வேண்டும். பிள்ளை என்றைக்குப் பிறந்தது என்று கேட்டால், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த அம்மாக்கள் யோசிக்காமல் பதில் சொல்வார்கள். "கோயில் கொடை முடிஞ்ச மூணாம் நாளு டீச்சர்." "எங்க மாமனாருக்குக் கால் ஒடிஞ்ச வருசம்." "நல்ல மழை, கூரை ஒழுகிக்கிட்டு கெடந்துச்சு." எல்லாம் உண்மைதான். ரெஜிஸ்டரில்தான் எழுத முடியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அபயாம்பாள் பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொடையையும் மழையையும் தேதியாக மாற்றிப் பார்த்தாள். தலைவலி வந்தது. பிறகு தேதி தெரியாத எல்லாருக்கும் ஜூன் முதல் தேதி என்று போட ஆரம்பித்தாள். தலைவலி நின்றது.

அவளுக்கு வீடு மாட்டுங்காவில். கணவர் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு பஸ்ஸில் கால் மணி நேரம்தான் ஆகும். ஆனாலும் அவள் தெருக்காரர்களுக்கு அவள் தினமும் கடல் கடந்து போய்வருகிறாள் என்ற எண்ணம். "அங்கே நாத்தம் தாங்கறதா மாமி?" என்று கேட்பார்கள். "தோல் கிடங்கு இருக்கு, நாறத்தான் நாறும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விடுவாள். தாராவியில் பெற்றோர் யார் வந்தாலும் "வாங்கோ, உட்காருங்கோ" என்பாள். முதலில் அதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த பெண்கள் நாளடைவில் பழகிப்போனார்கள். மாணவர்களை மட்டும்தான் "நீ" என்பாள்.

அறுபத்தாறாம் வருடம் பம்பாய் முழுக்க ரேஷன் வந்தது. கார்டு இருந்தால் கொஞ்சம் அரிசி, கொஞ்சம் கோதுமை, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த மைலோ என்ற சிவப்புச் சோளம் தாராளமாக. கார்டு இல்லாதவன் கறுப்பு மார்க்கெட்காரன் காலில் விழ வேண்டும். கார்டு வாங்க, தாராவியில் வசிப்பதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். தாராவியில் வசிப்பதைக் காட்டிலும் அத்தாட்சி காட்டுவது கஷ்டம். குடிசைச் சொந்தக்காரரிடம் வாடகை ரசீது கேட்டால் சிரிப்பார், குடிசையே ரசீது இல்லாமல் முளைத்தது. முதலாளி கடிதம் கொடுத்தால் போதும் என்றும் சொன்னார்கள். கொடுத்தால் கிடங்கில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று சர்க்காருக்குத் தெரிந்துபோகும் என்றார் முதலாளி.

மிச்சம் இருந்தது ஒரு வழி. மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிற மாணவர் இன்ன சந்தில், இன்ன குடிசையில் வசிக்கிறார் என்று பள்ளி ஒரு சான்று கொடுத்தால் ரேஷன் ஆபீஸ் அதை ஒப்புக்கொள்ளும். யாரும் படிக்காத ஒரு சுற்றறிக்கையின் கடைசிப் பத்தியில் அது இருந்தது. அபயாம்பாள் சுற்றறிக்கைகளைக் கடைசிவரை படிக்கிறவள். சனிக்கிழமை மத்தியானம் பள்ளி விட்டதும் உட்கார்ந்து சான்று எழுத ஆரம்பித்தாள். தலைமையாசிரியர் ஆறுமுகநயினார் கையெழுத்துப் போட்டார். அவருக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. படித்துப் பார்த்தால் பொறுப்பு வந்துவிடும் என்பதால் படிக்காமலே போடுவார். 'டீச்சர் சீட்டு' என்று அதற்குப் பெயர் வந்தது. சனிக்கிழமைதோறும் வாசலில் எள் விழ இடமிருக்காது.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, வரிசையின் கடைசியில் மெலிந்த பெண் ஒருத்தி நின்றாள். அவள் முறை வந்தபோது மணி நாலாகிவிட்டது.

"கொழந்தை எந்தக் கிளாஸ்?"

"இன்னும் இல்ல டீச்சர்."

"இன்னும் பள்ளிக்கூடத்துல சேர்க்கலையா?"

"இன்னும் பொறக்கல."

அபயாம்பாள் பேனாவை மூடினாள். கல்யாணம் ஆகி எத்தனை வருடம் என்று கேட்டாள். பன்னிரண்டு என்றாள் அந்தப் பெண், இன்று என்ன கிழமை என்பதற்குப் பதில் சொல்வது மாதிரி.

"புள்ள உள்ளவுகளுக்கு சீட்டு குடுக்கிய. எங்கள மாதிரி ஆளுகளுக்கு என்ன குடுப்பிய டீச்சர்?"

"அதுக்கு ஒண்ணும் இல்லையே."

"நாங்களும் நாலு வருசமா இந்தச் சந்துலதான் கெடக்கோம். கார்டு இல்லாம அரிசி வாங்க முடியல. அவிய கிடங்குலேருந்து வந்து வெறும் சாயாவக் குடிச்சிட்டுப் படுத்துக்கிடுதாவ."

"நீங்கோ சொல்றது வாஸ்தவம்தான். ஆனா நான் எதை வச்சு எழுதறது?"

"சரி டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். பெயரைக் கேட்க வேண்டும் என்று அபயாம்பாளுக்குத் தோன்றவில்லை. பின்னால் அதற்காகத் தன்னையே பலமுறை திட்டிக்கொண்டாள்.

அவள் பெயர் பூமாரி. புருஷன் வெயிலுமுத்து தோல் கிடங்கில் தோல் அலசுகிறவன். சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுப்பது அவள் வேலை. டீச்சர் கையை விரித்துவிட்ட செய்தி அன்று விளக்கு வைப்பதற்குள் சந்து முழுக்கப் பரவியது. அந்தச் சந்தில் எதையும் இரவல் கொடுப்பார்கள். அம்மி, அண்டா, நல்ல சேலை, ஆஸ்பத்திரிக்குத் துணையாள், எல்லாம் இரவல்தான். பிள்ளை இரவலும் உண்டு. பிள்ளை பிறக்காத வீட்டில் இரண்டு நாள் ஒரு பிள்ளையைத் தூங்கவைத்தால் ராசி என்று நம்பிக்கை. பன்னிரண்டு வருடத்தில் ஊரிலும் இங்குமாகப் பூமாரி வீட்டில் தூங்காத பிள்ளை குறைவு.

பிற்பாடு அபயாம்பாள் காதுக்கு வந்தபடி, முதலில் போனவள் எதிர்வீட்டு முப்பிடாதியம்மாள். அவளுடைய மூத்த மகள் நாலாம் வகுப்பில் இருந்தாள், அந்த மகளின் சீட்டை வைத்து வீட்டுக்குக் கார்டு வாங்கியாகிவிட்டது. "எளையவன் பூலோகத்த இந்த ஜூன்ல சேக்கணும். அவன் பேருல சீட்டு வாங்கி எனக்கு ஆகப்போறது ஒண்ணும் இல்ல. ஒங்க ரெண்டு பேரு புள்ளையின்னு எழுதிப்போடுதேன். வெளிய மூச்சு வுடாத" என்றாள். பூமாரி தலையாட்டினாள்.

இரண்டு நாள் கழித்து மீனாட்சியம்மாள் வந்தாள். அவளுக்கும் மூத்தது ஒன்று பள்ளியில் இருந்தது, இளையவன் வானமாமலை சும்மா இருந்தான். அதே யோசனை, வெளியே மூச்சு விடாதே என்ற அதே எச்சரிக்கை. அடுத்த வாரம் குழாயடியில் நூர் நிஷா பூமாரியைத் தனியே கூப்பிட்டுத் தன் இளையவன் சிராஜைத் தருவதாகச் சொன்னாள். பூமாரி மூன்று பேருக்கும் தலையாட்டினாள்.

ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பில் அறுபத்து நாலு பிள்ளைகள் சேர்ந்தார்கள். அப்பாக்கள் பள்ளிக்கூடப் பக்கம் தலைகாட்டாத ஊர் என்பதால், அபயாம்பாள் அப்பா பெயருக்குப் பக்கத்தில் அம்மா பெயரையும் சேர்த்து எழுதுவாள். அந்த அவசரத்தில், வெவ்வேறு நாட்களில் வந்த மூன்று பெண்கள் சொன்ன 'வெயிலுமுத்து, பூமாரி' அவள் கண்ணில் உறைக்கவில்லை. வெயிலுமுத்து என்று கூப்பிட்டால் தாராவியில் ஆறு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். சிராஜுக்கு எழுதும்போது மட்டும் பேனா கொஞ்சம் நின்றது.

"சிராஜோட அப்பா பேர் வெயிலுமுத்துவா?"

"வளர்ப்பு டீச்சர்" என்றாள் நூர் நிஷா.

வேலைக்கு வந்த முதல் வருடம் அபயாம்பாள் ஒரு அம்மாவிடம் இந்த மாதிரி ஒரு கேள்வியை மேற்கொண்டு கேட்டிருக்கிறாள். பதில் இரண்டு மணி நேரம் நீண்டது. பஸ்ஸும் போய்விட்டது. அதிலிருந்து தாராவிக் குடும்ப விவகாரங்களில் மூக்கை நுழைப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள். எழுதினாள். பிறந்த தேதி, ஜூன் முதல் தேதி.

மூன்று பெண்களும் மூன்று சனிக்கிழமைகளில் வந்து சீட்டு வாங்கிப் போனார்கள். தனித்தனியே பூமாரியிடம் சேர்த்தார்கள். பூமாரி மூன்றையும் எடுத்துக்கொண்டு ரேஷன் ஆபீஸுக்குப் போனாள். வாசலில் உட்கார்ந்து விண்ணப்பப் பாரம் எழுதிக் கொடுக்கிறவர், அவளிடம் மூன்று சீட்டு இருப்பதைப் பார்த்து, "மூணையும் சேர்த்து வச்சிருவோம், பாரம் கனமா இருக்கும்" என்றார். எழுதப் படிக்கத் தெரியாத பூமாரிக்கு அது நியாயமாகப் பட்டது. அவள் கேட்டது இரண்டு பேருக்கு அரிசி. அவர் எழுதியது ஐந்து பேருக்கு.

ஜூலை மாதம், அடைமழை நாளில், ரேஷன் இன்ஸ்பெக்டர் பள்ளிக்கு வந்தார். மராத்திக்காரர், ஐம்பது வயது, அதிர்ந்து பேசாதவர். சந்துச் சேற்றில் ஒரு செருப்பைப் பறிகொடுத்துவிட்டு மற்றதைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் சந்தேகம் எதுவும் இல்லை. ஒரு சின்ன விவரம்தான் வேண்டியிருந்தது. பள்ளிச் சான்றுகளின்படி வெயிலுமுத்து என்பவருக்கு ஒரே நாளில் மூன்று ஆண் குழந்தைகள் பிறந்திருக்கின்றன, கார்டில் மூத்தவன் பெயர் முதலில் வர வேண்டும், மூன்று பேரில் மூத்தவன் யார் என்று இந்தியில் கேட்டார்.

அபயாம்பாள் ரெஜிஸ்டரைத் திறந்தாள். பூலோகம். வானமாமலை. சிராஜ். மூன்று இடத்திலும் தன் கையெழுத்தில் வெயிலுமுத்து, பூமாரி, ஜூன் முதல் தேதி. அவள் முகத்தில் ஈயாடவில்லை. ரெஜிஸ்டரை எட்டிப் பார்த்த இன்ஸ்பெக்டர் பக்கத்தைப் புரட்டினார், இன்னொன்றைப் புரட்டினார்.

"ஜூன் முதல் தேதி நாற்பத்தொரு பிள்ளைகள் பிறந்திருக்கிறார்களே."

"ஆமாம்."

"ஒரே தேதியில்."

"ஆமாம்."

இன்ஸ்பெக்டர் யோசித்தார். தன் வேலை நாற்பத்தொரு பேரைப் பற்றியதல்ல, மூன்று பேரைப் பற்றியது என்று தீர்மானித்திருக்க வேண்டும். அவர்களைக் கூப்பிடச் சொன்னார்.

மூவரும் வந்து நின்றார்கள். பூலோகம் பனைமட்டை மாதிரி நெட்டை. வானமாமலை அவன் தோளுக்கு வருவான், முன்பல் இரண்டும் இல்லை. சிராஜுக்குப் பூனைக்கண். உங்களில் பெரியவன் யார் என்று கேட்டதற்கு மூன்று பேரும் "நான்" என்றார்கள். ஒருவன் அம்மா ஜாடை, ஒருவன் அப்பா ஜாடை என்று வைத்துக்கொண்டாலும் ஒருவன் மிஞ்சுகிறான். இன்ஸ்பெக்டர் செருப்பைக் கீழே வைத்துவிட்டு, இவர்களுடைய தாயாரை அழைத்துவர முடியுமா என்று கேட்டார்.

கூப்பிட்டது பூமாரியைத்தான். மழையில் சந்தே வந்தது. வாசற்படியில் முப்பிடாதியம்மாளும் மீனாட்சியம்மாளும் நூர் நிஷாவும் நனைந்துகொண்டு நின்றார்கள்.

"நீ எதுக்குட்டி வந்த?" என்று முப்பிடாதியம்மாள் நூர் நிஷாவைக் கேட்டாள்.

"நீ எதுக்கு வந்தியோ அதுக்குத்தான்."

மீனாட்சியம்மாள் இரண்டு பேரையும் பார்த்தாள். உள்ளே நின்ற மூன்று பையன்களைப் பார்த்தாள். விஷயம் புரிந்தது. "ஏன் பூமாரி, எம் புள்ள ஒருத்தன் ஒனக்குப் பத்தலையா?" என்றாள். அவள் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

பூமாரி உள்ளே வந்தாள். அபயாம்பாள் அவளைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். ஏப்ரல் மாதம் வரிசையில் கடைசியாக நின்றவள். அவளைக் கையை விரித்து அனுப்பியது தான்தான் என்பதும், அதனால்தான் இத்தனையும் நடந்தது என்பதும் அந்தக் கணத்தில் மண்டையில் ஏறியது.

"இந்த மூன்று பேரும் இந்த அம்மாவின் பிள்ளைகளா என்று கேளுங்கள்" என்றார் இன்ஸ்பெக்டர். தமிழ் தெரியாத அவருக்கும் இந்தி தெரியாத பூமாரிக்கும் நடுவே அபயாம்பாள் ஒருத்திதான் இருந்தாள். பூமாரி எதைச் சொன்னாலும் அபயாம்பாள் வேறொன்றைச் சொல்லிவிடலாம். இருபது வருடத்தில் இப்படி ஒரு எண்ணம் அவளுக்கு வந்ததே இல்லை. வந்ததற்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டாள், கொஞ்சம் யோசிக்கவும் செய்தாள். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

பூமாரி மூன்று பையன்களையும் வரிசையாகப் பார்த்தாள். ஆமாம் என்றால் கார்டு. இல்லை என்றால் மறுபடி கறுப்பு மார்க்கெட், வெறும் சாயா. வாசலில் முப்பிடாதியம்மாள் தலையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டினாள். மீனாட்சியம்மாளும் நூர் நிஷாவும்கூடக் கோபத்தை ஒத்திவைத்துவிட்டு ஆட்டினார்கள்.

"எனக்குப் புள்ள இல்ல" என்றாள் பூமாரி.

பன்னிரண்டு வருடமாக அவள் யாரிடமும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. 'இன்னும் இல்ல' என்றுதான் சொல்லியிருக்கிறாள். மாமியாரிடம், நாத்தனாரிடம், ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாதவர்களிடம், ஏப்ரலில் இதே மேசைக்கு முன்னால். வாசலில் தலையாட்டிக்கொண்டிருந்த மூன்று பேரும் நிறுத்திவிட்டார்கள். அபயாம்பாள் அதை இன்ஸ்பெக்டரிடம் சொல்லுக்குச் சொல் அப்படியே சொன்னாள்.

"மூணு பேரையும் ஏன் ஒத்துண்டேள்?" என்று பூமாரியிடம் கேட்டாள்.

"ஒருத்தி வந்து, எம் புள்ளைய ஒம் புள்ளையின்னு எழுதிக்கிடுதேங்கா. அவகிட்ட வேண்டாம்னு எப்படிச் சொல்ல? அடுத்தவ வந்து நிக்கும்போது, ஏற்கெனவே ஒண்ணு இருக்குன்னு எப்படிச் சொல்ல? எனக்கு அதுக்கு வாய் வரல டீச்சர்."

இதை அபயாம்பாள் மொழிபெயர்க்கவில்லை. இன்ஸ்பெக்டரும் கேட்கவில்லை. பாரத்தின் குறுக்கே ஒரு கோடு கிழித்து, மூன்று சான்றுகளையும் மேசைமேல் திருப்பி வைத்தார். அவற்றை எழுதியது யார் என்று கேட்டார். நான்தான் என்றாள் அபயாம்பாள். கையெழுத்து யாருடையது என்று கேட்டார். அதுவரை பக்கத்து நாற்காலியில் சாய்ந்திருந்த ஆறுமுகநயினார் அதன் நுனிக்கு வந்தார். எழுதினவர் பெற்றோர் சொன்னதை எழுதியிருக்கிறார், கையெழுத்துப் போட்டவர் எழுதினவரை நம்பியிருக்கிறார், யார் மேலும் எழுத விருப்பமில்லை என்றார் இன்ஸ்பெக்டர். ஆனால் கார்டு கொடுக்க முடியாது.

"இவர் எங்கே இருக்கிறார் என்று நீங்களே பார்க்கலாம். அதோ, ஜன்னலுக்கு நேரே, தகரம் போட்ட குடிசை" என்று சான்றிலிருந்த குடிசை எண்ணைக் காட்டி இந்தியில் சொன்னாள் அபயாம்பாள்.

இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். குடிசை இருந்தது. கதவில் அவள் காயப்போட்டு எடுக்க மறந்த துண்டு நனைந்துகொண்டிருந்தது.

"பார்க்கிறேன் அம்மா. ஆனால் பார்த்ததை வைத்து நான் கார்டு எழுத முடியாது. எனக்கு ஒரு காகிதம் வேண்டும். இந்தப் பள்ளியில் படிக்கிற மாணவர் ஒருவர் அந்தக் குடிசையில் வசிக்கிறார் என்று ஒரு காகிதம்."

அபயாம்பாள் எழுந்து அலமாரியைத் திறந்து மாநகராட்சிப் பள்ளிகளின் விதிப் புத்தகத்தை எடுத்தாள். அது வந்த நாளிலிருந்து அவளைத் தவிர யாரும் அதைத் திறந்ததில்லை. ஒரு பக்கத்தை இரண்டு தரம் படித்தாள். பேனாவைத் திறந்தாள். பூமாரியைப் பார்த்து, "வயசு என்ன?" என்றாள்.

"முப்பத்தொண்ணோ ரெண்டோ."

"ஆறு முடிஞ்சுடுத்து" என்று சொல்லிவிட்டு ரெஜிஸ்டரின் அடுத்த வரியில் பூமாரி என்று எழுதினாள்.

ஆறுமுகநயினார் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "என்னம்மா செய்யுதீய? எனக்கு இன்னும் ரெண்டு வருசம் சர்வீஸ் இருக்கு."

"ஆறு வயசு நிரம்பியிருக்கணும்னு போட்டிருக்கு சார். எத்தனை வயசுக்கு மேல சேர்க்கப்படாதுன்னு எங்கேயும் போடலை. நீங்களே பாருங்கோ."

அந்த வருடத்தில் முதல் தடவையாக ஆறுமுகநயினார் ஒரு காகிதத்தைப் படித்தார். மேல் வயது இல்லை. பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கேயும் இல்லை.

"பாதுகாவலர்னு புருசன் பேர எழுதியிருக்கியளே. ஒண்ணாங்கிளாஸ் புள்ளைக்குப் புருசனா?"

"பாதுகாவலர் யாரா வேணா இருக்கலாம்."

பிறந்த தேதிக் கட்டம் வந்தது. "நல்ல பனிக்காலம்னு ஆத்தா சொல்லுவா" என்று பூமாரி ஆரம்பித்தாள். அபயாம்பாள் அதற்குள் முப்பத்திரண்டு வருடத்துக்கு முந்திய ஜூன் முதல் தேதியை எழுதி முடித்திருந்தாள். சான்று தயாராயிற்று. ஆறுமுகநயினார் முருகனை நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

இன்ஸ்பெக்டர் அதை நிதானமாகப் படித்தார். மாணவர் பெயர் இருந்தது, சந்து இருந்தது, குடிசை எண் இருந்தது. புதுப் பாரம் ஒன்றை எடுத்து, மாணவரின் வயதுக்கு வரம்பு ஏதாவது இருக்கிறதா என்று தேடினார். இல்லை. முகத்தில் ஒரு மாற்றமும் காட்டாமல் முத்திரை குத்தினார்.

"மாணவர் ஒழுங்காகப் பள்ளிக்கு வருகிறாரா என்று மாதக் கடைசியில் வந்து பார்ப்பேன்" என்றார். ஒற்றைச் செருப்பை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

வாசலில் மூன்று பெண்களும் பூமாரியைப் பிடித்துக்கொண்டார்கள். யார் பிள்ளையை முதலில் ஒத்துக்கொண்டாள் என்று தெரிந்தாக வேண்டும் என்றாள் மீனாட்சியம்மாள். பூலோகம்தான் என்று தெரிந்ததும் முப்பிடாதியம்மாளுக்கு மட்டும் மனம் ஆறியது. மற்ற இரண்டு பேரும் ஒரு வாரம் பூமாரியோடு பேசவில்லை.

அன்று சாயங்காலமே அபயாம்பாள் சிவப்பு மையால் ரெஜிஸ்டரில் மூன்று இடங்களில் கோடு கிழித்து, மேலே மூன்று நிஜ அப்பா அம்மாக்களின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பூமாரி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் கார்த்தால ஏழரைக்கு வந்துடு. சிலேட்டு எடுத்துண்டு வா" என்றாள் அபயாம்பாள். 'நீங்கோ' போய் 'நீ' வந்துவிட்டது.

மறுநாள் ஏழரைக்குப் பூமாரி வந்தாள். குழந்தைகளின் பெஞ்சில் கால் மடங்கவில்லை என்பதால் பின்னால் சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். முதல் நாள் அறுபத்து நாலு பிள்ளைகளும் கரும்பலகையை விட்டுவிட்டு அவளையே பார்த்தார்கள். இரண்டாம் நாள் பாதிப் பேர் பார்த்தார்கள். நாலாம் நாள் சிராஜ், "டீச்சர், பூமாரி என் பல்பத்தை எடுத்துட்டா" என்று புகார் சொன்னான். அதோடு அவள் வகுப்பில் ஒருத்தியாகிவிட்டாள். மாதக் கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்து, கதவருகே நின்று, சுவரோரம் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். ஆகஸ்டில் கார்டு வந்தது. வெயிலுமுத்து, பூமாரி, இரண்டு பேர். அன்று வெயிலுமுத்து கிடங்குக்கு மதியச் சோறு கொண்டுபோனான், அரிசிச் சோறு.

"இனிமே நீ வரணும்னு கட்டாயம் இல்லை. கார்டைத் திருப்பி வாங்க மாட்டா" என்று அபயாம்பாள் அவளிடம் சொன்னாள்.

"வராட்டா பேர வெட்டிருவியளா டீச்சர்?"

"தொடர்ந்து ஒரு மாசம் வரலைன்னா வெட்டணும்."

"அப்போ வாரேன்" என்றாள் பூமாரி. பொத்தான் வேலையை மத்தியானத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

தீபாவளி கழிந்து எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். டிசம்பரில் ஒருநாள் பிள்ளைகள் எல்லாம் போன பிறகும் நின்றாள். அந்தப் பெரிய புத்தகத்தை ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டாள். மாணவர்கள் ரெஜிஸ்டரைத் தொடக் கூடாது என்பது விதி. அபயாம்பாள் எடுத்து மேசைமேல் விரித்து வைத்தாள்.

பூமாரி தன் பெயர் இருந்த வரியைப் பார்க்கவில்லை. பக்கத்தைத் திருப்பி, சிவப்புக் கோட்டைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் அடியில் விரலை வைத்தாள். "பூ... மா... ரி" என்று படித்தாள். இன்னொரு பக்கம் திருப்பினாள். படித்தாள். மூன்றாவதையும் படித்தாள்.

"மூணுலயும் நல்லாத் தெரியுது டீச்சர். கோடு போட்டியளே, அழிச்சுப்போட்டியன்னுல்லா நெனச்சேன்."

"அழிக்கப்படாது. கீழே எழுதியிருந்தது தெரியற மாதிரிதான் அடிக்கணும். அதுதான் ரூல்."

"இந்தப் பொஸ்தகம் எம்புட்டு நாளைக்கு இருக்கும்?"

"இது அட்மிஷன் ரெஜிஸ்டர். பள்ளிக்கூடம் இருக்கற வரைக்கும் இருக்கும். தூக்கிப் போட யாருக்கும் அதிகாரம் கெடையாது."

பூமாரி விரலை எடுக்கவில்லை. "பூலோகம், வானமாமலை, சிராஜு" என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு ரெஜிஸ்டரை மூடி டீச்சர் பக்கம் நகர்த்திவிட்டு, சிலேட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.